இப்பவா, எப்பவுமா

அன்றைக்கு என் தையல் கடைக்குள் இருந்தவர்கள் ஆறு பேர். மெஷினுக்குப் பின்னால் நான். துணி வெட்டும் மேஜையை ஒட்டி இட்லிக்கடை ரோசி. வாசற்படியில் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக ஆட்டோக்கார மஸ்தான் பாய். தைத்த ரவிக்கையை வாங்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு, ஆனால் தைக்க எதுவுமே கொடுத்திராத எதிர்வீட்டு ஜெயம்மா. கடையில் இருந்த ஒரே நாற்காலியில், எங்கள் தெருவின் சந்தோஷம் நிஜம்தானா என்று செக்கிங் பண்ண வந்திருந்த ஆபீசர். அவர் பக்கத்தில், உட்காரச் சொல்லியும் உட்காராமல், சர்வே அக்கா. அக்காவின் வீட்டுக்காரரையும் சேர்த்தால் ஏழு. ஆனால் அவர் நைட் டூட்டி முடித்துவிட்டு வந்து என் துணிமூட்டை மேல் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அதனால் அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

சர்வே அக்கா என்பது தெரு வைத்த பெயர். நிஜப் பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுதினால் கோபித்துக்கொள்வாரோ என்று பயமாக இருக்கிறது. அவர் கோபித்துக்கொண்டால் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்காது. அதனால் அக்கா என்றே இருக்கட்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருக் கடைசி வீட்டுக்கு அக்கா குடிவந்தார். மனசைப் பற்றிப் படிப்பு சொல்லிக்கொடுக்கிற ஒரு புரபசர் அவருக்குத் தினக்கூலி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார். ஜனங்கள் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று கேட்டு மார்க் வாங்கி வருவதுதான் வேலை. பூஜ்யம் என்றால் சுத்தமாக இல்லை. பத்து என்றால் வழிகிறது. எங்களுக்குச் சிரிப்பு வந்தது. தலை எண்ண வருவார்கள், கொசு மருந்து அடிக்க வருவார்கள், ஓட்டுக் கேட்க வருவார்கள். நீ குஷியாக இருக்கிறாயா என்று கேட்க இதுவரை யார் வந்தார்கள்? கட்டிக்கொண்டவனே கேட்டதில்லை என்றாள் ரோசி.

கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட பேனா, கையில் பரீட்சை அட்டை, வெயில் இல்லாத நாளிலும் விரித்த குடை. இதுதான் அக்கா. அட்டையில் செருகிய பேப்பருக்கு இரண்டு பக்கம் இருக்கும். முதல் பக்கத்தில், இந்த நிமிஷம் எப்படி இருக்கிறீர்கள். இரண்டாவது பக்கத்தில், மொத்தத்தில் எப்போதும் எப்படி இருப்பீர்கள்.

“ரெண்டும் ஒண்ணுதானேக்கா?” என்று நான் கேட்டதற்கு, கையைப் பிடித்து அல்சூர் ஏரிக்கே பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

“பாத்துக்கோ கலா. மேல அலை அடிக்குதே, அது முதல் பக்கம். காத்து வந்தா ஏறும், நின்னா இறங்கும். கரையில தண்ணி எது வரைக்கும் நிக்குது பாரு, அந்த மட்டம் ரெண்டாவது பக்கம். அது லேசுல மாறாது. எங்க புரபசருக்கு ரெண்டும் வேணும், தனித்தனியா வேணும்.”

நான் கரையைப் பார்த்தேன்.

“கரை ஸ்ட்ராங்கா இருக்குதாக்கா? உடைஞ்சுக்காதே?”

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, வா போகலாம் என்றார்.

வேலை நேரம் முடிந்ததும் அட்டையைக் கீழே வைப்பார். கேள்வியைக் கீழே வைக்க மாட்டார். யார் எதைச் சொல்லி அலுத்துக்கொண்டாலும், உடனே “இப்பவா, எப்பவுமா?” என்பார். கறிகாய்க்காரி பிழைப்பே பிடிக்கவில்லை என்று கூடையை இறக்கினால், “இப்பவா, எப்பவுமா?” அந்த அம்மாள் கூடையைப் பிடித்தபடியே யோசித்து, “வெய்யில்ல மட்டும்தான் தாயி” என்று சொல்லிவிட்டு, ஏதோ பெரிய கடனை அடைத்தது போல முகம் தெளிந்து போவாள்.

வீட்டுக்காரர் டவுன் பஸ் கண்டக்டர். ஒருநாள் காலையில் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டே, தெருவுக்கே கேட்கிற மாதிரி, “உன்கூட குடும்பம் நடத்தறது பெரிய பேஜாரா கீதும்மா” என்று கத்தினார். வேறு வீடாக இருந்தால் பாத்திரம் பறந்திருக்கும். அக்கா அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டு வந்து நின்றார்.

“இப்பவா, எப்பவுமா?”

கண்டக்டர் பொத்தானை விட்டுவிட்டு மேலே பார்த்தார். டிக்கெட் கணக்கு இடிக்கும்போது அப்படித்தான் பார்ப்பார்.

“காலையில மட்டும்” என்றார் கடைசியில். “அதுவும் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் இருக்கிற அன்னிக்கு.”

“மொத்தத்துல?”

“மொத்தத்துல ஒரு ஏழு போட்டுக்கோ.”

“அப்ப சரி” என்று சோற்று டப்பாவை நீட்டினார் அக்கா. ஏழு என்று சொன்ன சந்தோஷத்தில் அன்றைக்கு டப்பாவில் முட்டை இருந்ததாக அவரே பிறகு சொன்னார்.

மூலை வீட்டு மேஸ்திரி செத்துப்போனார். மேஸ்திரி சம்சாரம் மாரில் அடித்துக்கொண்டு, “இனிமே எனக்கு ஏது சந்தோஷம்!” என்று அழுகிறாள். பக்கத்திலேயே அக்கா உட்கார்ந்திருக்கிறார். கேட்டுவிடுவாரோ என்று நான் அவர் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் கேட்கவில்லை. வெளியே வந்ததும், “இதை இப்ப கேக்கக் கூடாதுடீ. இது அலை. ஆறு மாசம் போகட்டும்” என்றார். ஆறு மாசம் கழித்து நிஜமாகவே போய்க் கேட்டார். அந்த அம்மாள் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, “ஏன் பொய் சொல்லணும், முன்ன எவ்ளோவோ இப்பவும் அவ்ளோதான். குறட்டைச் சத்தம் இல்லாததுக்கு அரை மார்க் சேத்துக்கோ” என்றாளாம்.

வேலைக்குப் போகும் வீடுகளில் அக்கா காபி குடிக்க மாட்டார். இதனால் தெருவில் அவருக்குக் கர்வம் என்று பேச்சு. விஷயம் அதுவல்ல. “காபி குடுத்தா, குடுத்தவங்களுக்கு மனசு நிறைஞ்சு ஒரு மார்க் ஏறிடுது கலா. அப்புறம் கணக்கு கெட்டுப்போவும்.” என் கடையில் மட்டும் குடிப்பார். ஏன் என்று கேட்டேன். “உனக்கு எதுக்கும் ஏறாது” என்றார்.

அது வாஸ்தவம். ஒன்பதாம் வகுப்பு அரைப்பரீட்சைக்குப் பயந்து, அது வருவதற்கு முன்னாலேயே பள்ளிக்கூடத்திலிருந்து நின்றவள் நான். இரண்டாவது பக்கத்துக்கு நான் கொடுத்த மார்க் மூன்று.

“நல்லது நடந்தா, இது எப்ப போவுமோன்னு பயம்க்கா. கெட்டது நடந்தா, இன்னும் என்ன வருமோன்னு பயம். அதான் மூணு.”

“போன வருஷம்?”

“மூணு.”

“கல்யாணம் கில்யாணம் ஆனா?”

“அப்பவும் மூணுதான்க்கா. அதுல இன்னொருத்தரைப் பத்தியும் சேத்துக் கவலைப்படணுமே.”

எங்கள் தெருவில் அக்காவுக்கு யாரும் சுலபத்தில் கதவு திறக்கவில்லை. கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் ஆற்றுத் தண்ணீர்த் தகராறில் ஊர் பற்றி எரிந்தபோது, எது எது தமிழ் வீடு என்று யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அது நிஜமோ பொய்யோ, அதற்குப் பிறகு பேப்பரும் பேனாவுமாக யார் வந்து நின்றாலும் நாங்கள் கதவைத் தாழ்போட்டுவிடுவோம். அதனால் அக்கா என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். கலா பயப்படாமல் கூட வருகிறாள் என்றால் பயப்பட ஒன்றுமில்லை என்று தெரு முடிவு செய்தது. நான் பயந்துகொண்டேதான் போனேன் என்பது யாருக்கும் தெரியவில்லை. என் முகம் எப்போதுமே அப்படித்தான் இருக்கும்.

கதவு திறந்தது. உள்ளே இருந்ததோ வேறு சங்கதி. ரோசி இட்லித் துணியைப் பிழிந்துகொண்டே முதல் நாளே தெருவுக்குச் சொல்லிவிட்டாள்: “ரேஷன் கார்டுக்கு வந்தப்ப என்ன சொன்னோம்? வருமானமே இல்லன்னு சொன்னோம். கார்டு வந்துச்சா இல்லையா? இதுவும் அது மாதிரிதான். யாருக்கு சந்தோஷம் கம்மியோ அவங்களுக்கு கவர்மென்ட்டு சைட் குடுக்கும்.” வீட்டு மனையைத்தான் எங்கள் ஊரில் சைட் என்போம். சைட் என்ற வார்த்தையைக் கேட்டால் பெங்களூரில் செத்தவன்கூட எழுந்து உட்காருவான். வீட்டுக்கு வீடு பூஜ்யம். அதுவும் இரண்டாவது பக்கத்தில். மஸ்தான் பாய், “பூஜ்யத்துக்குக் கீழ இல்லையா மேடம்?” என்று கேட்டார். ஜெயம்மா புது டிவியின் மேல் போர்வையைப் போட்டு மூடிவிட்டு வந்து பூஜ்யம் சொன்னாள்.

சொன்னதைச் சொன்னபடி எழுதவேண்டும், எதிர்த்து ஒரு வார்த்தை கேட்கக் கூடாது என்பது அக்காவுக்குச் சட்டம். எழுதினார். எழுதியதை நம்பியும் விட்டார். அன்று சாயங்காலம் என் கடையில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினார்.

“இவ்ளோ துக்கத்தை வச்சிக்கிட்டு எப்பிடிடீ இந்தத் தெரு சிரிச்சிக்கினு கீது?”

மறுநாளிலிருந்து எல்லோரிடமும் ஜுரம் வந்த குழந்தையிடம் பேசுவது போலப் பேசினார். மார்கழிக் குளிரில் ரோசி விடிகாலையில் அடுப்பு மூட்டுவதைப் பார்த்துவிட்டு, தன்னுடைய நல்ல சால்வையை எடுத்துப் போய்ப் போர்த்தினார். எனக்கு விஷயம் முழுக்கத் தெரியும். சொன்னால் தெரு என்னைத் தின்றுவிடும். சொல்லாவிட்டால் அக்கா இன்னும் எதை எதை எடுத்துக் கொடுப்பாரோ. இந்த யோசனையில் ஒரு ரவிக்கைக்கு இரண்டு இடக்கை தைத்துவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து அதே வீடுகளில் அதே கேள்வியை மறுபடியும் கேட்கவேண்டும். முதல் பக்கம் எப்படி மாறினாலும் குற்றமில்லை. இரண்டாவது பக்கம் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் புரபசரின் வேலையே. இதற்குள் சைட் வராத ஏமாற்றத்தில் இருந்த தெருவுக்கு, மஸ்தான் பாய் ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து புதுச் செய்தி கொண்டுவந்தார்.

“அரே, அது சைட் இல்லப்பா. மார்க் கம்மியா வாங்குனவங்களை எல்லாம் வேன்ல ஏத்தி மெண்டல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். ரெண்டாவது தடவை கேக்கறதே அதுக்குத்தான்.”

வீட்டுக்கு வீடு பத்து. மஸ்தான் பாய் பத்துக்கு மேல் கேட்டார். ஜெயம்மா டிவியைத் திறந்து, சத்தத்தையும் ஏற்றிவைத்துக்கொண்டு பத்து சொன்னாள். எனக்கும் வேன் பயம் இருந்தது. ஆனாலும் அக்காவின் முகத்தைப் பார்த்தால் வாயில் மூன்றுதான் வந்தது. பிறகு ஒரு வாரம் பெட்டியில் இரண்டு புடவை மடித்து வைத்திருந்தேன்.

அக்காவுக்கோ கால் தரையில் பாவவில்லை. “பாத்தியா கலா! ஒரே ஒரு சால்வை! ரோசியைப் பூஜ்யத்துலேந்து பத்துக்குத் தூக்கிடுச்சு! அன்பா நாலு வார்த்தை பேசினா மட்டமே ஏறிடுது, எங்க புரபசருக்குக்கூட இது தெரியாது!”

புரபசருக்கு வேறு ஒன்று தெரிந்தது. ஒரு தெருவே ஆறு மாதத்தில் அடிமட்டத்திலிருந்து உச்சிக்குப் போகாது. இந்த அம்மாள் வீடு வீடாகப் போகவே இல்லை, எங்கேயோ மரத்தடியில் உட்கார்ந்து தானே நிரப்பியிருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார். ஆபீசர் நேரில் வந்து கேட்பார், பொய் என்றால் வேலை கிடையாது என்று முனை எஸ்.டி.டி. கடைக்குப் போன் வந்தது. அக்கா என் கடைக்கு வந்து காபியை வாங்கி, குடிக்காமல் வைத்திருந்தார்.

“வேலை போனா போவட்டும். பொய்யா எழுதினேன்னு சொல்லிட்டாங்களே கலா.”

நான் இப்பவா எப்பவுமா என்று கேட்கவில்லை. கேட்கிற முகமாக அது இல்லை.

அவர் போனபின் நான் ரோசியிடம் ஓடினேன். ரோசி மஸ்தான் பாயைக் கூப்பிட்டாள், அவர் ஜெயம்மாவைக் கூப்பிட்டார். அக்காவைக் காப்பாற்றியே ஆகவேண்டும் என்பதில் யாருக்கும் இரண்டாம் பேச்சில்லை. எப்படி என்பதில்தான் சண்டை.

“முன்ன சொன்ன மாதிரியே சொல்லிடுவோம்” என்றாள் ரோசி.

“எந்த முன்ன? சைட் முன்னயா, வேன் முன்னயா?” என்றார் பாய்.

பூஜ்யத்துக்கும் பத்துக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று ஜெயம்மா விரல் விட்டுப் பார்த்தாள். ஐந்து. யாருக்கும் நோகாது. எல்லோரும் ஐந்து. அக்காவிடம் சொல்லவேண்டாம், சொன்னால் சட்டம் பேசுவார்.

“ஏய் கலா, நீயும் அஞ்சு. புரிஞ்சுதா? மூஞ்சியை அப்பிடி வச்சிக்காதே, செத்த மீன் மாதிரி.”

ஆபீசர் கன்னடக்காரர், நிறுத்தி நிறுத்தித் தமிழ் பேசினார். நாற்காலி இருந்த ஒரே இடம் என்பதால் என் கடையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கேட்டார். மொத்தத்தில், எப்போதும், எவ்வளவு?

“அஞ்சு சார்” என்றாள் ரோசி. “மேலயும் இல்ல, கீழயும் இல்ல, நடுவுல.”

“அஞ்சு சார்” என்றார் மஸ்தான் பாய். “மேலயும் இல்ல, கீழயும் இல்ல, நடுவுல.”

“ஐது, அதாவது அஞ்சு” என்றாள் ஜெயம்மா. “நடுவுல சார். மேல இல்ல.”

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றினார். அக்கா பக்கம் திரும்பினார்.

“ஏனம்மா இது? நீங்க பாடம் சொல்லிக் கொடுத்து கூட்டிட்டு வந்தீங்களா?”

அக்காவின் முகத்தில் ரத்தம் இல்லை. “இல்ல சார்” என்றார். அந்த இரண்டு வார்த்தையும் முணுமுணுப்பாகத்தான் வந்தது. ஊரையே கேள்வி கேட்ட வாய் அது.

கடைசியாக நான். காலையிலிருந்து அஞ்சு, அஞ்சு என்று மனப்பாடம் பண்ணியிருந்தேன். மறந்துவிடக் கூடாதென்று உள்ளங்கையில் சாக்பீஸால் எழுதியிருந்தேன். வேர்வையில் அது அழிந்துவிட்டது.

“மூணு” என்றேன்.

“அடிப்பாவி” என்றாள் ரோசி.

ஆபீசர் பேப்பர் கட்டைப் பிரித்துத் தேடினார். “முதல் தடவை மூணு. ரெண்டாவது தடவை மூணு. இப்பவும் மூணு.” பக்கத்தைத் திருப்பினார். “அந்த நிமிஷம் எப்படின்னு கேட்டதுக்கு முதல்ல ரெண்டு, அப்புறம் நாலு. இப்ப எவ்வளவு?”

“இப்ப ஒண்ணு சார். நீங்க வந்திருக்கீங்களே.”

அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. அந்த அசைவுதான் என்னைக் கெடுத்தது. கோபமாக இருந்திருந்தால் வாயை மூடியிருப்பேன். சைட், ரேஷன் கார்டு, டிவி மேல் போட்ட போர்வை, வேன், நேற்றுப் போட்ட அஞ்சு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். “அக்கா ஒவ்வொரு வாசலுக்கும் வந்தாங்க சார், நான் கூடவே போனேன். மரத்தடியில நாங்க உக்காரவே இல்ல. உக்காந்தா காக்கா எச்சம் போடுமேன்னு எனக்கு பயம் சார்.”

அக்கா ஆபீசரைப் பார்க்கவில்லை. மெதுவாக ரோசி பக்கம் திரும்பினார்.

“அப்ப நான் போத்துன சால்வை?”

ரோசி முதல் தடவையாகத் தலையைக் குனிந்தாள். “குளிரு நிஜம்தான்க்கா. பூஜ்யம்தான் பொய்.”

மஸ்தான் பாய் சிரித்துவிட்டார். ஜெயம்மா முந்தானையால் வாயைப் பொத்தினாள். அக்கா மட்டும் அந்தப் பதிலை ரொம்ப நேரம் வைத்துப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார், கணக்கு நேரானது மாதிரி.

ஆபீசர் கட்டை மறுபடி கட்டினார். “இந்தம்மா மேல தப்பு இல்லை. சொன்னதை எழுதியிருக்காங்க. இந்தத் தெரு பேப்பர் எல்லாம் தள்ளி வைக்கிறோம். இதை மட்டும் எடுத்துக்கறேன்” என்று என் பேப்பரைத் தனியாகப் பையில் வைத்தார். துணிமூட்டையிலிருந்து கண்டக்டர் ஒரு கண்ணைத் திறந்தார். “வேலை கீதா சார்?” “இருக்குப்பா. அடுத்த வாரத்திலிருந்து சிவாஜிநகர்.” கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

தெருவுக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் மார்க்கை எல்லாம் குப்பையில் போட்டுவிட்டு இந்தப் பயந்தாங்கொள்ளியின் மார்க்கை மட்டும் பையில் வைத்துக்கொண்டு போகிறார்களே என்று. மறுநாளிலிருந்து ஒவ்வொருவராக அக்காவைத் தேடி வந்தார்கள். “எழுத வேணாம்க்கா, சும்மா கேட்டுக்கோ. நிஜத்துல ஆறு” என்றாள் ரோசி. மஸ்தான் பாய் எட்டு என்று சொல்லிவிட்டு, வீட்டில் தெரியவேண்டாம், தெரிந்தால் நகை கேட்பாள் என்றார். ஜெயம்மா கதவைச் சாத்திவிட்டு அக்காவின் காதில் சொன்னாள். அது எவ்வளவு என்று அக்கா கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. வாங்கி வைத்துக்கொள்ள அட்டையும் இல்லை, பேனாவும் இல்லை. வெறுங்கையோடு உட்கார்ந்து அத்தனையையும் கேட்டார். எல்லோர் வீட்டிலும் காபியும் குடித்தார்.

செக்கிங் முடிந்த அன்று சாயங்காலம், அவர்கள் எல்லாம் வருவதற்கு முன்னால், அக்கா என் கடையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு டம்ளர் குடித்தார். அந்த ஆபீசர் மாதிரியே கண்ணாடியைக் கழற்றுவதாக நடித்துக் காட்டினார், நான் சிரித்ததில் ஊசி ஒடிந்தது. புது ஊசி மாட்டும்போது ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்திருக்கிறேன் போலிருக்கிறது. அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கூர்ந்து பார்த்தார்.

“ஏய் கலா. உன் ரெண்டாவது பக்கம் இன்னும் மூணுதானே?”

உள்ளே பார்த்தேன். மூன்று இல்லை. ஐந்து இருக்கும், ஆறுகூட இருக்கலாம். இந்த நிமிஷத்துக்கு மட்டும் என்று தோன்றவும் இல்லை. ஆனால் ஆபீசர் பையில் வைத்துக்கொண்டு போனது அந்த ஒரு பேப்பர்தான். அக்கா பொய் எழுதவில்லை என்பதற்கு இருந்த சாட்சியும் அது ஒன்றுதான். அது ஏறிவிட்டால், மறுபடி யாராவது வந்து கேட்டுவிட்டால்?

“மூணுதான்க்கா” என்றேன்.

“நல்லவேளை” என்று டம்ளரை எடுத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் அவர் சிவாஜிநகர் பக்கமே வீடு பார்த்துக்கொண்டு போகும்வரை, எப்போது கேட்டாலும் மூன்று என்றே சொல்லிவந்தேன். தெருமுனையில் அவர் குடை தெரிந்தால் பாட்டையும் நிறுத்திவிடுவேன்.